ஆறு பேர் வந்து போகிற வீடு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், ஒரு கிராமத்திலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஊரின் கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழுவுக்கும் அவர்தான் செயலாளர். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டேன்.

"அக்கா, எங்கட ஊரில் 15 வயதுப் பையன் ஒருவன். தாய் குவைத்தில், மூன்று வருடமாகிறது. நுண்கடன் கட்டத்தான் போனவ. தகப்பன் வயல் வாடியிலேயே படுத்துக்கொள்கிறார், குடி. பையனும் 12 வயதுத் தங்கச்சியும் அம்மம்மாவோடு. அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம், கிளினிக் போகும் நாளில் சிறியவள்தான் கூடப் போவாள். பையன் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்டவன், இப்போது மணல் ட்ராக்டரில் போகிறான். இரவில் பெரிய பொடியன்களோடு திரிகிறான், ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறான் என்று ஊரில் கதை. பிடித்துப் பொலிசில் கொடுக்க வேண்டும் என்று சிலர் நிற்கிறார்கள். அந்த வீட்டுக்கு இதுவரை ஆறு உத்தியோகத்தர்கள் வந்து போயிருக்கிறார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள். ஆனால் ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. அம்மம்மா இப்போது ஃபைலோடு யாராவது வந்தால் பின்பக்கத்தால் போய்விடுகிறா. ஊரில் இப்படி இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த ஆறு பேரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர என்ன வழி? எனக்கு ஒரு அதிகாரமும் இல்லையே?"

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதிகாரம் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். ஆறு பேரும் வந்து போனது முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தானே? பிரதேச செயலகத்தில் யாரிடம் கேட்டாலும் தன் ஃபைலைத்தான் எடுத்துக் காட்டுவார். அடுத்த மேசையில் அதே பிள்ளையின் பெயரில் இன்னொரு ஃபைல் கிடப்பது அவருக்கே தெரியாது. தெரிந்தவர் கேட்டால் கூட்டம் நடக்கும். கேட்பதற்கு ஒரு பக்கக் கடிதம் போதும். அதை எப்படி எழுதுவது என்று பிறகு சொல்கிறேன்.

அம்மம்மா ஏன் பின்பக்கத்தால் போகிறா? இப்படியான வீடுகளில் அலுமாரிக்கு மேலே ஒரு ஷொப்பிங் பை இருக்கும். உள்ளே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மகளின் பாஸ்போட் பிரதி, கிளினிக் கொப்பி, அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமக் கடிதம். வருகிற ஒவ்வொருவரும் எல்லாவற்றிலும் ஒரு போட்டோ கொப்பி கேட்பார்கள். அதற்குச் சந்திக்குப் போக வேண்டும், பஸ் காசு, கொப்பிக் காசு. பிறகு அதே கதை: மகள் எப்போது போனவ, ஏன் போனவ, மருமகன் எவ்வளவு குடிப்பார், பேரன் எப்போது பள்ளிக்கூடம் விட்டவன். மகளின் கடனையும் மருமகனின் குடியையும் முன்பின் தெரியாத ஆறு பேரிடம் ஆறு தரம் சொல்லி முடித்த மனுசி, ஏழாவது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பிப் போகத்தான் செய்வா. நானென்றாலும் போவேன்.

முன்பெல்லாம் மண்முனைத் துறையில் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைக்கு, காத்து நின்றுதான் படுவான்கரைக்கு வர வேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு அந்தத் தடை போய்விட்டது, உத்தியோகத்தர்கள் வருவதும் கூடியது. நல்லதுதான். ஆனால் வந்து போகிறவர்கள் தங்களுக்குள் கதைப்பது அந்தளவுக்குக் கூடவில்லை.

ஆகவே கூட்டத்துக்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். 80 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி அந்தப் பைக்குள் வையுங்கள். வருகிறவர் திகதி போட்டு, பெயரும் பதவியும் எழுதி, எதற்கு வந்தார், எதை எப்போதைக்குள் செய்து தருவதாகச் சொன்னார் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அம்மம்மா கேட்கக் கூச்சப்படுவா. "குழுவில சொல்லியிரிக்காங்க, எழுதிட்டுப் போங்க மனே" என்று சொல்லச் சொல்லுங்கள். அடுத்து வருபவர் முன்பக்கத்தைப் புரட்டினாலே பாதிக் கேள்வி குறைந்துவிடும். ஐஸ், அடி, பாலியல் தொந்தரவு சம்பந்தப்பட்ட ஒரு சொல்லும் அந்தக் கொப்பியில் வரக்கூடாது. வீட்டில் கிடக்கும் கொப்பியைத் தங்கச்சியும் வாசிப்பாள், பக்கத்து வீட்டுக்காரியும் வாசிப்பாள். அந்த விடயங்கள் உத்தியோகத்தரின் பூட்டிய அலுமாரிக்குள்தான் இருக்க வேண்டும்.

சரி, யாரிடம் போவது? ஊர்ச்சனத்துக்கு எல்லாரும் 'சிறுவர் உத்தியோகத்தர்'தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, உண்மையிலேயே மூன்று வேறு இடத்து ஆட்கள் இவர்கள். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தவர். உங்கள் கிராமியக் குழு, சிறுவர் கழகம் எல்லாம் அவருடைய பொறுப்புக்குள் வரும். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தவர். பிள்ளையின் விடயம் நீதிமன்றத்துக்குப் போனால், இல்லத்தில் சேர்க்கும் பேச்சு வந்தால், அவர் இல்லாமல் எதுவும் நகராது. சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் ஆள். துஷ்பிரயோகம், சித்திரவதை, பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது போன்ற முறைப்பாடுகள் அவர் பக்கம் போகும். 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தாலும் அந்த அதிகார சபைக்குத்தான் போகும். உங்கள் பையன் இன்னும் நீதிமன்றப் படி ஏறவில்லை. ஆகவே முதலில் போக வேண்டியது சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம்.

அவர் உடனே, "அடுத்த பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் எடுப்போம்" என்று சொல்லக்கூடும். அங்கேதான் நீங்கள் கொஞ்சம் அழுத்தமாக நிற்க வேண்டும். அந்தக் கூட்டம் பிரதேச செயலாளர் தலைமையில் நடப்பது. பொலிஸ், கல்வி, சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள் என்று மண்டபம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். பொதுவான பிரச்சினை பேசத் தோதான இடம். மணல் ட்ராக்டரில் எத்தனை பிள்ளைகள் போகிறார்கள், பின்னேர பஸ் இல்லாததால் எத்தனை பிள்ளைகள் மேலதிக வகுப்பை விடுகிறார்கள் என்பதை அங்கே எழுப்புங்கள். ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் அங்கே எடுக்கவே வேண்டாம். தேநீர் இடைவேளைக்குள் அந்தப் பெயர் ஊருக்கு வந்து சேர்ந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது இந்த ஒரு குடும்பத்துக்கான சின்னக் கூட்டம். அலுவலகத்தில் 'கேஸ் கொன்பரன்ஸ்' என்பார்கள். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம்.

கடிதத்தை இந்த மாதிரி எழுதலாம்: "எமது பிரிவில் இரு பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்றுக்கு இவ்வருடத்தில் பின்வரும் ஆறு உத்தியோகத்தர்கள் சென்றுள்ளனர். ஒவ்வொருவரும் அளித்த உறுதிமொழிகள் இணைக்கப்பட்டுள்ளன. இவர்கள் அனைவரையும், பாடசாலை அதிபரையும், பிள்ளையின் தாய்மாமனையும் அழைத்து ஒரு கலந்துரையாடலை இம்மாதத்துக்குள் ஒழுங்கு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். பெயர்களைத் தனித்தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, கையில் கொடுங்கள். ஐஸ் கதையை எழுத வேண்டாம். அது கதை, நீங்கள் கண்ணால் கண்டதில்லை.

தாய்மாமன் ஏன் என்று கேட்பீர்கள். நம்மூரில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். அந்த மனைவி வெளிநாடு போனதும் அவர் மாமியார் வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறார். சோறு போடும் கை மாறுகிறது, கேட்கும் உரிமையும் போகிறது. உங்கள் கடிதத்துத் தகப்பன் வாடியில் படுப்பதைக் குடியால் மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது என்று எனக்குப் படுகிறது. அப்படியான வீட்டில் சொல்லுக்கு மதிப்புள்ள ஆண் தாயின் சகோதரன்தான். இந்தப் பையனுக்கு ஒரு மாமா இருந்தால், அவர் வேறு ஊரில் இருந்தாலும், வரச்சொல்லுங்கள். தகப்பனையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு இத்தனை பேர் முன்னால் குடியைப் பற்றிக் கேட்டால் திரும்ப வரமாட்டார். சமூக சேவை உத்தியோகத்தரோ உளவளத்துணை உத்தியோகத்தரோ, வெறி இல்லாத ஒரு காலை நேரத்தில், வாடிக்கே போய்க் கதைக்கட்டும்.

பையனையும் கூட்டத்தில் இருத்த வேண்டாம். அவன் யாரோடு வாய் திறப்பான் என்று பாருங்கள். வொலிபோல் விளையாடக் கூப்பிடும் கழகத்து அண்ணனாக இருக்கலாம், பழைய வகுப்பாசிரியையாக இருக்கலாம். அந்த ஆள் முதலிலேயே கேட்டு வரவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உனக்கு இப்ப என்ன வேணும்?" 'திருந்து' என்று ஆரம்பித்தால் அன்றைக்கே முடிந்தது. பதில் மோட்டார் மெக்கானிசம் படிக்க வேண்டும் என்று வரலாம், அம்மா வரவேண்டும் என்று வரலாம், ஒன்றும் வேண்டாம் என்றும் வரலாம். வந்ததை அப்படியே கூட்டத்தில் சொல்லுங்கள்.

அடுத்தது காசு. இதை விட்டுவிட்டுப் பேசும் கூட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிபர் "நாளைக்கே அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறேன்" என்பார், எல்லாரும் தலையாட்டுவார்கள். பையன் இரண்டு கிழமை போவான், மூன்றாம் கிழமை ட்ராக்டரில் நிற்பான். ஏன்? தாய் அனுப்புவது கடனுக்குப் போகிறது. அவன் கொண்டுவரும் கூலியில்தான் அந்த வீட்டு உலை கொதிக்கிறது. அதைப் பறிக்கிறோமென்றால் பதிலுக்கு என்ன வைக்கிறோம்? அஸ்வெசும கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் மேன்முறையீடு போட்டார்களா, அம்மம்மாவுக்கு முதியோர் கொடுப்பனவு வருகிறதா, நுண்கடன் தவணை எவ்வளவு மீதி, தாயின் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கூட்டத்தில் வரிசையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆள் பிரதேச செயலகத்திலேயே இருக்கிறார், வெளிநாட்டு வேலைவாய்ப்பு விடயம் பார்க்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர். பிள்ளைகள் விடயத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். கட்டாயக் கல்வி வயது 2016இல் 14இலிருந்து 16 ஆனது. வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021இல் 16 ஆனது, ஆபத்தான வேலைகளுக்கு 18. ட்ராக்டர் முதலாளிக்கு இதைச் சொல்ல வேண்டும், ஆனால் முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவர், கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் போல, கூப்பிட்டுச் சொல்லட்டும். கேட்காவிட்டால் தொழில் திணைக்களம் இருக்கிறது. பையனுக்குப் பழைய வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு குந்தியிருக்க வெட்கமாக இருந்தால், வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவைக் கேளுங்கள். 16 முடிந்ததும் தொழிற் பயிற்சி அதிகார சபை, பயிலுநர் பயிற்சி என்று வழி இருக்கிறது. தேசிய தொழில் தகைமைப் பாடநெறிகள் பலவற்றுக்கு ஓ.எல். சித்தி கேட்பதில்லை. அந்த வயது வரைக்கும் உள்ள மாதங்களை எப்படி நிரப்புவது என்பதுதான் கூட்டத்துக்கு முன்னால் உள்ள கஷ்டமான கேள்வி, அதற்கு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன பிள்ளை. அம்மம்மாவின் கிளினிக் நாளில் சிறியவள் கூடப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த நாட்களில் பாடசாலை இல்லை. சமைப்பது யார்? இரவில் தண்ணி எடுப்பது யார்? அண்ணன் பிந்தி வரும்போது கதவைத் திறப்பது யார், அவனோடு கூட வருவது யார்? ஆறு ஃபைலும் பையன் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சத்தம் போடாத பிள்ளைக்கு ஃபைல் திறக்கமாட்டார்கள். வகுப்பாசிரியையிடம் அவளுடைய வரவுப் பதிவை வாங்கிப் பாருங்கள். கிளினிக்குக் கூடப் போக மாதர் சங்கத்தில் ஒருவரைப் பிடியுங்கள். இதற்கு உத்தியோகத்தர் யாரும் தேவையில்லை, வருகிற கிளினிக் நாளுக்கே செய்யலாம். அவளோடு தனியாக, பெண் ஒருவர், நீங்களே கூட, கதைத்துப் பார்க்க வேண்டும். அவள் சொல்வதில் ஏதாவது உறுத்தினால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே 1929க்கு எடுங்கள்.

பொலிசில் கொடுக்கச் சொல்பவர்களுக்கு என் பதில்: விற்பவனைக் கொடுங்கள். பொடியன்களை வைத்துச் சாமான் கைமாற்றும் பெரிய ஆள் யார் என்று ஊருக்குத் தெரியும், அந்தப் பெயரைச் சொல்லத்தான் பயம். 15 வயதுப் பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பது லேசு, அதனால் அதைச் செய்யப் பார்க்கிறார்கள். பையன் உண்மையிலேயே பாவிக்கிறான் என்றால் அது வைத்தியசாலைக்குரிய விடயம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டிப்போவதற்கு முன் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுத்து எப்படிப் பேசுவது என்றும் கேட்கலாம். நாட்கணக்காக நித்திரை இல்லை, யாரோ துரத்துவதாகச் சொல்கிறான், சாகப்போகிறேன் என்கிறான் என்றால் ஒரு உத்தியோகத்தரையும் தேடவேண்டாம், 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தாயைப் பற்றி ஒன்று. தூரத்தில் இருக்கும் தாய்மார் பலர் இரவில் வட்ஸ்அப்பில் எடுத்து, ஊரிலிருந்து யாரோ அனுப்பிய கதையைக் கேட்டு, பிள்ளையை ஏசிவிட்டு அழுதுகொண்டு வைத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் பிள்ளை போனைத் தூக்குவதில்லை. தாய்க்கு உண்மை தெரிய வேண்டும், ஆனால் ஒரே வாயிலிருந்து தெரியட்டும். கூட்டம் முடிந்ததும் ஒருவர் மட்டும் எடுத்து, என்ன முடிவானது என்று சொல்லட்டும். ஏசுவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி, என்ன சாப்பிட்டாய், வொலிபோல் விளையாடினாயா என்று கேட்கச் சொல்லுங்கள்.

கூட்டம் கலைவதற்கு முன்னால் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும்: இந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பு யார். "நாங்கள் எல்லோரும் சேர்ந்து" என்றால் ஒருவரும் இல்லை. பெரிய பதவியில் உள்ளவர் தேவையில்லை, கிழமைக்கு ஒரு தரம் அந்தப் பாதையால் போகிறவராகவும் அம்மம்மா ஓடி ஒளியாதவராகவும் இருந்தால் சரி. இனிமேல் மற்ற ஐந்து பேரும் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். யார் எதை எந்தத் திகதிக்குள் செய்வது என்பது கூட்டக் குறிப்பில் வரட்டும், அடுத்த சந்திப்பின் திகதியும் அன்றைக்கே குறிக்கப்படட்டும். உத்தியோகத்தர்களுக்கு இடமாற்றம் வரும். வாயால் சொன்னது அவரோடு சேர்ந்தே போய்விடும், குறிப்பு இருந்தால் புதிதாக வருபவர் தொடங்க ஒரு இடம் இருக்கும். அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம். நீங்கள் சம்பளம் இல்லாத தொண்டர், மாலையில் உங்களுக்கும் வீடு இருக்கிறது.

தொண்டு நிறுவனம் ஏதாவது வந்தால் திட்டம் எந்த மாதம் முடிகிறது என்று முதலில் கேளுங்கள், பிறகு பொறுப்பாளரிடம் அனுப்புங்கள். பிள்ளையைப் பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க விடவேண்டாம்.

மற்ற ஏழெட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். முதல் கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்து எந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை எடுங்கள். முக்கியமாக, 'ஆபத்திலுள்ள இளைஞர் பட்டியல்' என்று ஒன்று தயாரித்துக் குழுக் கூட்டத்தில் வாசிக்கும் யோசனையையும், நான் சுருக்கும்போது விட்ட பகுதியில், நீங்கள் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பட்டியலில் பெயர் வந்த பொடியனுக்குப் பிறகு ஊரில் வேலையும் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது, அதே பெரிய பொடியன்கள்தான் மிஞ்சுவார்கள்.

கடிதத்தைக் கொடுக்கப் பொதுமக்கள் தினத்தில் போங்கள், மற்ற நாட்களில் உத்தியோகத்தர்கள் கள வேலைக்குப் போயிருப்பார்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கிழமையில் பதில் வராவிட்டால் அந்த முத்திரைப் பிரதியோடு பிரதேச செயலாளரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். போகும்போது சிறியவளின் வரவுப் பதிவையும் கையில் வைத்திருங்கள்.

அன்புடன்,
அக்கா